எதிர்க்கடை ஜெனரேட்டர்

தம்பி,

இனிமேல் கப்பலுக்குப் போவதில்லை என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. அதுவும் நல்லதுதான். நாம் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் ஏறிவிடும், மூன்றாவதில் யாராவது ஒருவர் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். கடையில் ஆள் வராத மத்தியான வேளை, குக்கர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். "என் பிள்ளை பிறந்து மூச்சுக்குத் தவிச்சப்போ நான் நடுக்கடல்ல இருந்தேன். எனக்குத் தகவல்கூட வரல. நான் இல்லாமலே எல்லாம் நடந்து முடிஞ்சிடுச்சு" என்றாயாம். வேலையை விடுவதும் விடாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அன்றைக்கு நீ அங்கே இல்லை என்கிறாயே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நடந்ததை உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை. உன் அம்மா பாதியிலேயே அழுதுவிடுவாள். பெற்றவள் மீனா பாதி மயக்கத்தில் கிடந்தாள். எதிர்க்கடை செல்வராஜைக் கேட்டால் எல்லாவற்றையும் தான் ஒருவனே செய்ததாகச் சொல்வான். ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புயலுக்கு முந்தின நாள் மீனாவுக்கு வலி கண்டது. மாதம் நிறையவில்லை. அசோக் நகரில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு, உன் அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, கடையில் தண்ணீர் ஏறினால் சரக்கை மேலே தூக்கி வைக்கலாம் என்று நான் தி.நகருக்கு வந்துவிட்டேன். விடிவதற்குள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் போய்விட்டது. போனும் வருவதும் போவதுமாக இருந்தது. அப்படி ஒரு முறை வந்தபோது உன் அம்மா பேசினாள். "பொம்பளப் புள்ள பிறந்திருக்கு. மூச்சு விடக் கஷ்டப்படுதுங்காவ. ஆஸ்பத்திரி ஜெனரேட்டரு கீழ்த்தளத்துல தண்ணிக்குள்ள முங்கிப் போச்சு. நம்ம கடை மிஷினத் தூக்கிட்டு வாங்க." அவ்வளவுதான், லைன் போய்விட்டது. பேத்தி பிறந்த செய்தியையும் அவள் போய்விடக்கூடும் என்ற செய்தியையும் நான் ஒரே மூச்சில் கேட்டேன்.

நம் கடை மிஷின் உனக்குத் தெரியும். தீபாவளி நேரத்தில் கரண்ட் போனால் வியாபாரம் நின்றுவிடக்கூடாது என்று வாங்கிய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர், ஒரு ஆள் தூக்கக்கூடியது. அதைப் பரணிலிருந்து இறக்கி, மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிற பாபுவைப் பிடித்து, பலகைமேல் ஏற்றி, தார்ப்பாய் போட்டு மூடினேன். "தண்ணி இடுப்பாண்ட கீது நைனா, இன்ஜின் நின்னா தள்ளினுதான் போவணும்" என்றான். பாதித் தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

நர்சிங் ஹோமில் மாடி அறையில் உன் மகள் இருந்தாள். என் முழங்கை நீளம்கூட இல்லை. மேலே ஒரு சூடேற்றும் விளக்கு இருக்க வேண்டும், அது அணைந்து கிடந்தது. பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதுவும் நின்றிருந்தது. கடைசி சிலிண்டரில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வர வழியில்லை, சுரங்கப்பாதை எல்லாம் நிரம்பிவிட்டது. நான் மிஷினை வெளியே வைத்து ஓட்டி, நீள ஒயர் ஒன்றை நேரே மாடிக்குக் கொடுத்தேன். ஆக்ஸிஜன் பெட்டி உயிர் பெற்றது. சூட்டு விளக்கையும் போட்டார்கள். இன்ஜின் ஒரு உறுமல் உறுமியது, சிவப்பு விளக்கு எரிந்தது, எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி போட்டோம், மறுபடி நின்றது. டாக்டரம்மா சின்ன வயதுப் பெண், மீனாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். "அங்கிள், உங்க மிஷின் ஒண்ணைத்தான் தாங்குது. காத்து, இல்லன்னா சூடு. இந்தப் பாப்பாவுக்கு ரெண்டும் வேணும்" என்றாள். வேறு வழி கிடைக்கும்வரை ஆக்ஸிஜனை மட்டும் ஓட்டிவிட்டு, குழந்தையை மீனாவின் நெஞ்சோடு அணைத்துப் போர்த்திவைப்பதாகச் சொன்னாள். எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

இன்னொரு மிஷின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

நான் எதைச் செய்தாலும் அதைச் செய்வதே செல்வராஜின் தொழில் என்று நான் உன்னிடம் எத்தனை முறை புலம்பியிருப்பேன். நான் பாத்திரக்கடை வைத்தால் எதிரில் அவனும் பாத்திரக்கடை. நான் கண்ணாடி ஷோகேஸ் போட்டால் அவனுக்கு அதைவிட ஒரு சாண் உயரத்தில் ஷோகேஸ். நான் ஜெனரேட்டர் வாங்கினேன், அடுத்த வாரமே அதே கம்பெனி, அதே மாடல், அதே சிவப்பு நிறத்தில் அவன் வாசலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவன் போர்டு நம் போர்டை மறைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு பேசாமலே இருக்க முடியுமா? டீக்கடைப் பையனிடம் "அந்தக் கடைக்காரர்ட்ட சொல்லுப்பா, மாடு அட்டைப்பெட்டியத் தின்னுது" என்று நான் சத்தமாகச் சொல்வேன். "பாத்துக்கிட்டேன்னு சொல்லுப்பா" என்று அவன் பதில் சொல்வான். நீ இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். இப்படியே எங்கள் வருஷங்கள் போயின.

பாபுவோடு கடைத்தெருவுக்குத் திரும்பிப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்லிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். செல்வராஜ் தன் கடை மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பழக்கதோஷத்தில் பாபுவிடம் திரும்பினேன். "பாபு, எம் பேத்தி மூச்சுக்குக் கஷ்டப்படுதாம். ஒரு மிஷின் பத்தலையாம். அவரு மிஷினத் தருவாரான்னு கேளுப்பா."

செல்வராஜ் எழுந்து நின்றான். "மிஷின மட்டும் தர முடியாதுன்னு சொல்லுப்பா. நானும் கூட வருவேன்னு சொல்லு."

பாபு இரண்டு பேரையும் பார்த்தான். "இன்னா நைனா இது, ரெண்டு பேரும் என்னாண்ட பேசிக்கினு கீறீங்க. ஏறுங்க முதல்ல" என்றான். செல்வராஜ் உள்ளே போய் மிஷினைத் தூக்கிவந்தான். கழுத்தில் ஒரு மஞ்சள் பையை மாட்டிக்கொண்டிருந்தான். அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. பாபு மூலமாகக்கூடக் கேட்கவில்லை.

இப்போது கவனமாகப் படி. உனக்குத் தெரிந்த பாடத்தையே உனக்கு ஒப்பிக்கிறேன் என்று சிரிக்காதே. நம் கடையில் கரண்ட் போனால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு முனையிலும் பிளக் வைத்து நானே முறுக்கிய ஒயர் ஒன்று வைத்திருந்தேன். ஒரு முனையை ஜெனரேட்டரில் செருகுவேன், மறுமுனையைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் செருகுவேன், கடை முழுக்க விளக்கெரியும். அந்தத் தெருவில் பாதிக் கடைகளில் அதுதான் வழக்கம். மெயினை அணைக்க ஞாபகம் வந்தால் அணைப்போம். செல்வராஜோடு கிளம்பியபோதும் அந்த மாதிரி இரண்டு ஒயர்களைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன். என் கணக்கு சுலபமானது. இந்த மிஷினை ஒரு சுவரில் செருகு, அந்த மிஷினை இன்னொரு சுவரில் செருகு, இரண்டும் சேர்ந்து கட்டிடத்துக்குள் கரண்டைத் தள்ளட்டும், ஒன்றும் ஒன்றும் இரண்டு.

நர்சிங் ஹோமுக்குள் நுழைந்ததும் ஒயரைக் கையில் பிடித்துச் சுவருக்கு நேரே கொண்டுபோய்விட்டேன். செருக ஒரு விரல் தூரம்தான் பாக்கி. அப்போது உன் குரல் கேட்டது தம்பி. பிரமை என்று சொல்லாதே. போன லீவில் நீ வந்திருந்தபோது ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாயே, அதே வார்த்தை. "கப்பல்ல ஒரு ஜெனரேட்டர் பத்தலன்னா ஓடிக்கிட்டே இன்னொண்ணச் சேர்ப்போம்பா. ஆனா ரெண்டோட அடியும் ஒத்து வரணும். கபாலி கோயில்ல சாமி தூக்குறவங்க கால் தப்பினா பல்லக்கு சாயும்ல, அந்த மாதிரி. ஒத்து வராம சேர்த்தா ஒண்ணை ஒண்ணு அடிச்சுக் கெடுத்துக்கும்." நான் அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "பேசாம சாப்பிடுல, ரசம் ஆறுது" என்றேன். காதில் வாங்கவே இல்லை என்றுதான் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாதம் கழித்து, அந்த ஒரு விரல் தூரத்தில் வந்து என் கையைப் பிடித்தது.

கையை இழுத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருமுனையில் மின்வாரிய ஆட்கள் இருவர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு தெருவுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பில்லர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மெயின் அணைந்திருக்கிறதா என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை. நான் சுவருக்குள் தள்ளும் கரண்ட் சுவரோடு நிற்குமா, தெருவுக்கும்தானே ஓடும்? ஒரு குழந்தைக்கு மூச்சு கொடுக்க வந்தவன் இரண்டு பேர் மூச்சை நிறுத்தியிருப்பேன். அந்த ஒயர்களை அங்கேயே நறுக்கிப் போட்டேன்.

"சேத்து ஓட்ட முடியாது போல" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் என்றில்லை. செல்வராஜ் மஞ்சள் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். கனமான இரண்டு ஒயர்கள் முளைத்த ஒரு சின்னப் பெட்டி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ஒரே மாதிரி இரண்டு மிஷினைச் சேர்த்து ஓட்டுவதற்கென்றே அந்தக் கம்பெனிக்காரன் விற்கும் பெட்டி. நான் அதைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன். என்னை அறியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். "இது என்னத்துக்கு வே வாங்கினீரு? உம்மகிட்ட ஒரு மிஷின்தானே இருக்கு?"

செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எதுத்தாப்புல ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி."

தம்பி, அவன் போட்டிக்கு வாங்கியதாகவே நான் நினைத்த மிஷின் அது. போட்டிக்குத்தான் வாங்கியிருப்பான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூடவே இதையும் வாங்கிவைத்திருக்கிறான் பார். மனுஷன் மனசை என்னவென்று சொல்வது.

பெட்டியோடு வந்த படம் போட்ட தாளை அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு படிக்க, நான் செய்தேன். மழைக்குப் பயந்து ரிசப்ஷனுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார்கள். கூடாது என்று செல்வராஜ் பிடிவாதமாக நின்றான். அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசனையும் இருக்காது, சொல்லாமல் கொள்ளாமல் ஆளைக் கொன்றுவிடும். ஜன்னல்களை விட்டுத் தள்ளி, வண்டி நிறுத்தும் கூரைக்குக் கீழே இரண்டு பெஞ்சுகளைப் போட்டு, ஈரம் படாமல் மிஷின்களைத் தூக்கிவைத்தோம். முதலில் அவன் மிஷினைத் தனியாக ஓட்டிப் பார்த்தோம், நோஞ்சானோடு சேர்த்துவிட்டால் நல்லதும் படுத்துவிடும் என்று. பிறகு டாக்டரம்மா குழந்தையைச் சிலிண்டருக்கு மாற்றினாள். இரண்டையும் நிறுத்தினோம். பெட்டியின் ஒயர்களை ஒன்றில் ஒன்றும் மற்றதில் மற்றதுமாக மாட்டினோம். சுமை எதையும் கொடுக்காமல் ஒன்றை உயிர்ப்பித்தோம், பச்சை விளக்கு எரிந்தது. அடுத்ததை உயிர்ப்பித்தோம், அதிலும் எரிந்தது. பெட்டியிலிருந்து ஒரு தடித்த ஒயரை ஜன்னல் வழியாக நேரே மாடி அறைக்குக் கொண்டுபோனோம். எந்தச் சுவரையும் தொடவில்லை. ஆக்ஸிஜன் பெட்டி முதலில். பிறகு மாடியிலிருந்து சிஸ்டர் கூப்பிட்டுச் சொன்னாள், "ஹீட்டர் போடறேன் சார்."

நான் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுமை ஏறியது. இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் குரலை உயர்த்தின. ஒன்று முந்தவில்லை, ஒன்று பிந்தவில்லை. பாதியை இது தூக்கியது, பாதியை அது தூக்கியது. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. நான் திருச்செந்தூரில் கடலைப் பார்த்திருக்கிறேன், மயிலாப்பூரில் அறுபத்து மூவர் வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு சிவப்புப் பெட்டிகளுக்கு முன்னால் நின்ற மாதிரி எங்கேயும் நான் வாயடைத்து நின்றதில்லை. செல்வராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன், எதைக் கும்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது. இதைத்தான் நீ தினமும் கடல் நடுவில் நின்று செய்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் வேலை என்ன என்று யார் கேட்டாலும் "கப்பல்ல ஏதோ இன்ஜின் வேலை" என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன்.

உனக்குக் கல்யாணமானபோது, இரண்டு மாடு பூட்டிய வண்டி, சேர்ந்து இழு என்று மேடையில் உன் மாமா பேசினாரே, அந்த மாதிரி நானும் ஜெனரேட்டரை வைத்து உபதேசம் செய்யப்போகிறேன் என்று பயப்படாதே. எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். சேர்வதற்கு முன்னால் தனித்தனியாக ஒழுங்காக ஓட வேண்டும். அவசரமாகச் சுவரில் செருகக்கூடாது. மற்றதெல்லாம் உன் மாமாவுக்குத் தெரியும்.

பெட்ரோல் ஊற்றுவதுதான் பெரிய சோதனையாக இருந்தது. ஓடுகிற மிஷினில் ஊற்றினால் ஆஸ்பத்திரியே பற்றிக்கொள்ளும். ஹீட்டரை அணைத்துச் சுமையைக் குறைத்துவிட்டு, ஒன்றை நிறுத்தி, அது ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மற்றது ஆக்ஸிஜனை மட்டும் தாங்கிக்கொள்ளும். அந்த நேரத்துக்கு மட்டும் குழந்தையைக் கொண்டுபோய் மீனாவின் நெஞ்சில் வைப்பார்கள். மீனா அரை மயக்கத்திலும் மணி அடித்த மாதிரி கண்ணைத் திறப்பாளாம். அடுத்து எப்போது பெட்ரோல் ஊற்றுவார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தெருவில் பைக் வைத்திருந்தவர்கள் எல்லாரும் டியூப் போட்டு உறிஞ்சி, தண்ணீர் பாட்டில்களில் பெட்ரோல் கொண்டுவந்தார்கள். முகம் தெரியாதவர்கள். யாரும் பெயர்கூடச் சொல்லவில்லை. பாபு பக்கத்துத் தெருக்களில் சுற்றி வாங்கி வந்தான். "பாப்பா இன்னா பண்ணுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுப் போவான்.

அன்றைய பகலும் இரவும் அப்படிப் போயின. செல்வராஜும் நானும் பெஞ்சுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அத்தனை வருஷம் பேசாததைப் பேசித் தீர்த்தோம் என்று நினைக்காதே. அந்தச் சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. பிஸ்கட் பாக்கெட்டை அவன் நீட்டுவான், நான் எடுத்துக்கொள்வேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். மாடியிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நின்றுவிடுவோம். அவள் கட்டை விரலைக் காட்டுவாள். நாங்கள் மறுபடி இன்ஜினைப் பார்க்க ஆரம்பிப்போம்.

நீ அங்கே இல்லை என்கிறாய். நீ சொன்ன சொல் என் கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த மிஷின்களும் இல்லை, அந்த மின்வாரிய ஆட்களும் இல்லை, உன் மகளும் இல்லை. ரசம் ஆறுகிறது என்று நான் அடக்கிய பேச்சு அது. இதைவிடப் பக்கத்தில் ஒரு தகப்பன் எப்படி இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கப்பலுக்குப் போ, போகாமல் இரு. ஆனால் இல்லாமல் போனேன் என்ற வருத்தத்தினால் மட்டும் எதையும் முடிவு செய்யாதே.

மறுநாள் காலையில் கரண்ட் வந்தது. எதிர்வீட்டு மாடியில் விளக்கெரிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மாடியிலிருந்து சிஸ்டர் கையசைத்தாள், மாற்றிவிட்டோம், நிறுத்தலாம் என்று. அவன் மிஷினை அவன் அணைத்தான், என் மிஷினை நான் அணைத்தேன். காதுக்குள் திடீரென்று ஒரு பெரிய வெற்றிடம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. அப்போது மாடி ஜன்னலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லிசாக, கோபமாக, விட்டு விட்டு. அழத் தெம்பில்லாமல் கிடக்கிறது என்று முந்தின நாள் டாக்டரம்மா சொன்ன குழந்தை அழுதுகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருந்ததோ, எங்கள் மிஷின் சத்தத்தில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

அந்தக் குரலை முதலில் கேட்டது தான்தான் என்று செல்வராஜ் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நம்பாதே தம்பி. அவன் மிஷினை முதலில் அணைத்தான், உண்மைதான். ஆனால் என் மிஷின் நின்ற பிறகுதானே யாருக்கும் எதுவும் கேட்டிருக்க முடியும்?

உன் அப்பா